நஞ்சு என்று காதில் விழுந்தது

எனக்கு எச்.ஐ.வி. இருப்பது என் கணவருக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் தெரியும். அதனால் பெயர் போடாமல் எழுதுகிறேன்.

முதல் பிரசவம் ஏழாம் மாதத்திலேயே ஆகிவிட்டது. அதற்கு முன் மூன்று நாளாகக் காய்ச்சல்; கீழே தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. உடம்புச் சூடு என்று நினைத்துக் களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். மகன் ஒரு நாள்தான் இருந்தான்.

"நஞ்சு புண்ணாயிருந்துச்சிம்மா" என்றார் நர்ஸ்.

உத்திரமேரூர் பஸ்ஸில் திரும்பும்போது என் கணவர், "நீ துண்ற மாத்திர நஞ்சுதான் புள்ளைக்கு ஏறிக்கீது" என்றார். நானும் நம்பினேன்.

இரண்டு வருடம் கழித்து மறுபடி உண்டானபோது எச்.ஐ.வி. மாத்திரைகளை வாங்கிவந்து, சாப்பிடாமல் அரிசிப் பானைக்குள் புதைத்துவைத்தேன். ஐந்தாம் மாத ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. கிருமியின் அளவு ஏறியிருந்தது. "ஏம்மா நிறுத்துன?" என்று ஆஸ்பத்திரி ஆலோசகர் அம்மா கேட்டார்.

"அதுல நஞ்சு கீதுன்னாங்களே!"

அவர் என் பழைய பிரசவச் சீட்டை எடுத்துப் படித்தார். "வயித்துல புள்ளைக்கு சாப்பாடு குடுக்கிற சதைக்குப் பேரே நஞ்சும்மா. அதுல வேற கிருமி பூந்து புண்ணாயிருக்கு. மாத்திரையால இல்ல. தண்ணி கசிஞ்ச அன்னிக்கே நீ வந்திருக்கணும்."

அன்றே மாத்திரையை மறுபடி தொடங்கினேன். மகளுக்கு இப்போது மூன்று மாதம். முதல் பரிசோதனையில் எச்.ஐ.வி. கிருமி இல்லை. இன்னும் சில பரிசோதனைகள் பாக்கி.

ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை புரியாவிட்டாலும், யார் சலித்துக்கொண்டாலும், அங்கேயே நின்று கேட்கிறேன். அந்தத் தண்ணீர் ஏன் கசிகிறது என்று முதல் நாளே போய்க் கேட்டிருந்தால், என் மகன் இந்நேரம் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருப்பான்.