கொடியில் ஒரு நீலச் சட்டை

அவளுக்கு ஓனரம்மா என்று பெயர் வைத்தது ஆஸ்பத்திரிச் சலவைக் கூடம். துவைத்த விரிப்புகளைச் சூடான உருளைக்குள் செலுத்துவது அவள் வேலை. மறுபக்கம் வந்து விழுவதைப் பிடித்து மடிப்பவளுக்கு மடிப்பு அக்கா என்று பெயர். இவள் சொந்த வீடு வாங்கிய சேதி வந்த அன்று, மடிப்பு அக்காதான் உருளைச் சத்தத்தையும் மீறிக் கத்தினாள்: "எல்லாரும் தள்ளி நில்லுங்கடி, ஹவுஸ் ஓனர் வர்றாங்க!" அன்றிலிருந்து அவள் ஓனரம்மா. ஆரம்பத்தில் அந்தப் பெயரைக் கேட்டால் உச்சி குளிர்ந்துபோகும். இப்போது கேட்டால் எரிச்சல்தான் வருகிறது.

கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான். ஒரு வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இன்னொன்றில் விருந்தாளி ஒரு ராத்திரிக்கு மேல் தங்கக் கூடாது. அடுத்த வீட்டுக்காரருக்குக் குழந்தை அழுகிற சத்தம் ஆகாது. ஏதோ இவள் கிள்ளிவிட்டு வேடிக்கை பார்க்கிற மாதிரி மாடியிலிருந்து தரையைத் தட்டுவார். கடைசியில் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "என் மகன் குடும்பத்தோட வர்றான்மா, காலி பண்ணிக்குங்க." எந்த வீட்டுக்காரரின் மகனும் வந்ததாகச் சரித்திரமே இல்லை. பாத்திரங்களைச் சாக்கில் கட்டும்போது அவளுக்கு அழுகையை விடக் கோபம்தான் அதிகம் வரும்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். பாதி மாடியில் நின்றுபோன லிஃப்டுக்குள் வியர்த்துக்கொண்டு நிற்பவர்களை வெளியே எடுப்பது அவன் தொழில். அப்படி ஒரு நாள் அவன் வெளியே எடுத்த ஒருத்திதான் இந்தக் கதைக்கே காரணம். முதல் முறையாக வீடு வாங்குகிற ஏழைக் குடும்பங்களுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தில் அவள் களப்பணியாளர். சின்ன வயசு, வேகமான பேச்சு, எப்போதும் தோளில் ஒரு கேமராப் பை. லிஃப்டிலிருந்து வெளியே வந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்ததும், "அண்ணா, உங்களுக்குச் சொந்த வீடு இருக்கா?" என்று கேட்டாள்.

அடுத்த சில மாதங்கள் கனவு மாதிரி ஓடின. ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு. வங்கித் தவணையை எப்படித் தள்ளிப்போடாமல் கட்டுவது, சாக்கடை அடைத்தால் யாரைக் கூப்பிடுவது, பக்கத்து வீட்டுக்காரனோடு மல்லுக்கு நிற்காமல் இருப்பது எப்படி என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டு விலையில் ஒரு பங்கை நிறுவனமே போட்டது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. கணவன், மனைவி இருவரும் அந்த வீட்டிலேயே பத்து வருஷம் குடியிருக்க வேண்டும். விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. மீறினால் அவர்கள் போட்ட பங்கு முழுவதையும் ஒரே மூச்சில் திருப்பித் தர வேண்டும்.

"பத்து வருஷம்தானா? என்னை இங்கேருந்து தூக்கிட்டுத்தான் போகணும்" என்று சொல்லிச் சிரித்தபடி அவள் கையெழுத்துப் போட்டாள். வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அது இப்படிப் பலிக்கும் என்று யார் கண்டது?

சாவி கொடுத்த அன்று அவள் செய்த முதல் காரியம், கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்தது. மாட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அடிக்க வேண்டும் என்று இருந்தது, அடித்தாள். சுத்தியலோடு நின்றவளிடம் களப்பணியாளர் கேட்டாள்: "எப்படி இருக்கு அக்கா?"

"இனிமே யாரும் எங்களைக் காலி பண்ணச் சொல்ல முடியாது மேடம்" என்றாள்.

உள்ளத்திலிருந்து வந்த வார்த்தை. கேட்டவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வார்த்தையும், சுத்தியலோடு அவள் நிற்கிற படமும் நிறுவன அலுவலகத்தின் வாசலில் ஆள் உயரத்துக்குப் பேனராக ஏறின. அதன் பிறகு, வீடு கேட்டு மனுப் போடுகிறவர்களை வேனில் ஏற்றி இவள் வீட்டைப் பார்க்க அழைத்து வருவது வழக்கமாகிவிட்டது. வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். இவள் தன் அனுபவத்தைச் சொல்வாள். கடைசியில் பால்கனிப் பக்கமாக நிறுத்தி எல்லோரையும் ஒரு படம் எடுப்பார்கள்.

முதல் வருஷம் இதெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாம் வருஷம் லிஃப்ட் கம்பெனி இந்த ஊர்க் கிளைக்குப் பூட்டுப் போட்டது. ஆட்களை ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருக்கும் பெரிய நகரத்துக்கு மாற்றினார்கள். போகாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் தவணை இல்லை. தவணை இல்லாவிட்டால் வீடு இல்லை. அவன் போனான். அங்கே கூட வேலை பார்ப்பவர்களோடு ஓர் அறையில் பாய் விரித்துப் படுக்கிறான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, மகளைக் கொஞ்சி முடிப்பதற்குள் திரும்ப ரயிலேறுகிறான். மூன்று பேரும் சேர்ந்து இருக்கத்தான் வீடு வாங்கினார்கள். இப்போது வீட்டைக் காப்பாற்றப் பிரிந்து இருக்கிறார்கள்.

"ஊர்ல மாட்டிக்கிட்டவங்களையெல்லாம் வெளியே எடுக்கிறவன், பொண்டாட்டியைக் கொண்டுபோய் நல்லா மாட்டிவிட்டுட்டானே" என்று மடிப்பு அக்கா ஒரு நாள் விளையாட்டாகச் சொன்னாள். ஓனரம்மாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு விரிப்புக் கூடையை எடுக்கிற சாக்கில் நீராவிப் பக்கம் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவன் போன பிறகு வந்த முதல் வேனில் ஒருவர் கேட்டார்: "சார் எங்கம்மா?"

கணவன் இங்கே குடியிருக்கவில்லை என்று தெரிந்தால் நிபந்தனையை மீறியதாகிவிடுமே. அவன் விட்டுவிட்டுப் போன பழைய நீலச் சட்டை ஒன்று, கம்பெனிச் சீருடை, பால்கனிக் கொடியில் தற்செயலாகக் காய்ந்துகொண்டிருந்தது. களப்பணியாளர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அண்ணா வேலைக்குப் போயிருப்பார்" என்று அவளே சொல்லிவிட்டாள்.

அவ்வளவுதான், வழி கிடைத்துவிட்டது. அதன் பிறகு வேன் வருகிற நாளில் எல்லாம் அவள் விடிந்ததும் அந்தச் சட்டையை நனைத்துப் பிழிந்து, நாலு பேர் கண்ணில் படும்படி கொடியில் போட்டாள். வாசலில் அவனுடைய தேய்ந்த செருப்பு. குளியலறையில் ஒரு சவர பிரஷ். மகளுக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தாள்: யாராவது கேட்டால் அப்பா வேலைக்குப் போயிருக்கார்னு சொல்லணும்.

"அப்பா வேலைக்குத்தானேம்மா போயிருக்கார்? இதை எதுக்குச் சொல்லித் தர்றே?" என்று கேட்டது அந்தக் குழந்தை.

போன மாதம் அவன் வந்தபோது ஒரு முடிவோடு வந்தான். அந்த நகரத்தில் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தான். பக்கத்திலேயே பள்ளிக்கூடம். இந்த மாதத்துக்குள் சேர்த்தால்தான் உண்டு, விட்டால் அடுத்த வருஷம். இவளுக்கும் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் சலவை வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான்.

"அந்த மேடம்கிட்ட வாயைத் திறந்து கேளு. நம்ம வீட்டை யாருக்காவது வாடகைக்கு விட்டுட்டுப் போறோம், தவணை அது பாட்டுக்குப் போகும்னு சொல்லு. நல்ல பொண்ணு, கேட்டா ஏதாவது வழி பண்ணும்."

"மாட்டேன்னு சொல்லிட்டா?"

"சொல்லட்டும். கேட்காமலேயே எத்தனை நாளைக்குச் சட்டையைத் துவைச்சுப் போடுவே?"

அவன் அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. அடுத்த வேன் வரும்போது கண்டிப்பாகக் கேட்டுவிடுகிறேன் என்று சத்தியம் பண்ணிக்கொடுத்தாள்.

அந்த வேன் வந்தது. பழக்க தோஷம், கேட்கப்போகிற அன்றும் சட்டையை நனைத்துப் போட்டிருந்தாள். வந்தவர்களில் இஸ்திரி போடும் ஒருவனும், நிறைமாதமாய் இருந்த அவன் மனைவியும் இருந்தார்கள். அந்தப் பெண் நாற்காலியில் உட்காராமல் சுவரையே தடவிக்கொண்டிருந்தாள். இவள் டீ போட உள்ளே போனபோது பின்னாலேயே வந்துவிட்டாள்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. வாங்கலாமா? இப்ப இருக்கிற வீட்டுல, குழந்தை பிறந்தா காலி பண்ணிடணும்னு சொல்லிட்டாங்க."

ஓனரம்மாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரை வந்தது. 'உன் புருஷன் வேலை இந்த ஊரிலேயே இருக்குமா என்று முதலில் கேட்டுக்கொள். நாளைக்கு வேறு ஊருக்குப் போக வேண்டி வந்தால் என்ன செய்வாய் என்று யாரும் உன்னைக் கேட்க மாட்டார்கள். என்னையும் கேட்கவில்லை.' ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். சாக்கில் பாத்திரம் கட்டிய தன் முகத்தையே பார்க்கிற மாதிரி இருந்தது.

"வாங்கும்மா" என்றாள். "இனிமே யாரும் உங்களைக் காலி பண்ணச் சொல்ல முடியாது."

அந்தப் பெண் இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஓனரம்மாவுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. அதே நேரம், தான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

படம் எடுத்து முடித்து எல்லோரும் வேனுக்கு இறங்கினார்கள். களப்பணியாளர் மட்டும் செருப்பு வாரை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். இதுதான் சமயம். ஓனரம்மா மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"நானும் ஒண்ணு சொல்லணும் அக்கா, முதல்ல சொல்லிடறேன்" என்று களப்பணியாளர் குரலைத் தாழ்த்தினாள். "அடுத்த தடவை வேற சட்டை காயப் போடுங்க."

ஓனரம்மா திரும்பிக் கொடியைப் பார்த்தாள்.

"நேத்து எங்க மேலாளர் இங்க எடுத்த படத்தையெல்லாம் மேசையில வரிசையாப் பரப்பி வெச்சிருந்தார். எல்லாத்துலயும் பின்னாடி அதே சட்டை. முதல் படத்துல கருநீலம். இப்ப வெளுத்து வெள்ளையாகப் போகுது. அவர் கவனிக்கறதுக்குள்ள நான் பேச்சை மாத்திட்டேன்."

"உங்களுக்கு... எப்பலேருந்து தெரியும்?"

"முதல் நாளே தெரியும் அக்கா. நான் மேலிடத்துக்கு எழுதினா உங்க வீடு போயிடும். சும்மாவும் போகாது. பேனர்ல இருக்கிற குடும்பமே ஏமாத்திட்டாங்கன்னு நன்கொடை கொடுக்கிறவங்க கையை விரிச்சிடுவாங்க. இப்ப வேன்ல ஏறினாங்களே, அந்த மாசமா இருக்கிற பொண்ணு, அவங்க மனு எல்லாம் அப்படியே நின்னுடும்." அவள் இவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "பயப்படாதீங்க. நான் இருக்கிற வரைக்கும் உங்க வீட்டை யாரும் தொட முடியாது. ஆமா, நீங்க என்னமோ கேட்கணும்னீங்களே?"

கீழே வேன்காரன் ஹாரன் அடித்தான்.

"ஒண்ணுமில்ல மேடம்" என்றாள் ஓனரம்மா. "குழாய் ஒழுகுது. நானே பார்த்துக்கறேன்."

வேன் போனதும் கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். விரட்டியிருந்தால் போயிருக்கலாம், போகத்தானே ஆசை. நல்ல மனசோடு ஒருத்தி பூட்டிவிட்டுப் போனால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? எதிர்ச் சுவரில் அந்த ஆணி இருந்தது. அதில் இப்போது மகளின் பள்ளிப் பை தொங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வேலை முடிந்ததும் அவன் கூப்பிட்டான். எடுத்த எடுப்பிலேயே, "கேட்டியா?" என்றான்.

"ம்."

"என்ன சொன்னாங்க?"

அவள் பால்கனிக்குப் போய்க் கொடியிலிருந்து சட்டையை எடுத்தாள். காலரைப் புரட்டிப் பார்த்தாள். ஊர் அழுக்கையெல்லாம் பார்த்த கை அவளுடையது. இத்தனை நாள் துவைத்துத் துவைத்து, அதில் அவனுடையது என்று சொல்ல ஒரு கறைகூட மிச்சம் இல்லை.

"ஏங்க, உங்க சட்டை இன்னொண்ணு அனுப்பி வைங்க."

அவனுக்குப் புரிந்துவிட்டது. "சரி, துவைச்சு அனுப்பறேன்" என்றான்.

"துவைக்க வேணாம்" என்றாள் அவள். "போட்ட சட்டையை அப்படியே அனுப்புங்க."