பெட்ரோல் டேங்க்கில் ஊற்றிய மருந்து

அக்காவின் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன என்று தெரிந்த பிறகுதான் நாங்கள் கார் வாங்கினோம். வாரம் இரண்டு முறை மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு டயாலிசிஸுக்குப் போய்வர வேண்டும். போகும்போது பஸ்ஸில் சமாளித்துவிடுவாள். திரும்பும்போது நிற்கக்கூட முடியாது. கோட்டக்குப்பத்தில் ஒருவர் துபாய்க்குப் போய்விட்டதால் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்த பழைய பெட்ரோல் கார் அது. வெளியே பளபளவென்று இருந்தது.

உப்பளத்தில் லோடு ஏற்றுவதை மேற்பார்க்கிற வேலை எனக்கு. கார் ஓட்டவே அக்காவுக்காகத்தான் கற்றுக்கொண்டேன். பானெட்டைத் திறந்தால் பேட்டரி எது என்று காட்டத் தெரியும், அவ்வளவுதான்.

மழை ஓய்ந்து உப்புப் பாத்திகளைச் சீர்செய்யத் தொடங்கியிருந்த சமயத்தில் வண்டி திணற ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சற்று நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோலக் குலுங்கி நகரும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அக்கா டேஷ்போர்டில் கையை ஊன்றிக்கொள்வாள்.

பெட்ரோல் போடுகிற பெண்ணிடம் சொன்னபோது கண்ணாடி அலமாரியிலிருந்து சிறிய பாட்டில் ஒன்றை எடுத்துக் காட்டினாள். "இன்ஜெக்டர்ல அழுக்கு சேர்ந்திருக்கும்ங்க. இந்த மருந்த டேங்க்ல ஊத்திடுங்க, தானா க்ளீன் ஆயிடும்."

வாங்கி வைத்துக்கொண்டேன். ஊற்ற மனம் வரவில்லை. மெக்கானிக்கிடம் போய்க் கேட்டேன்.

"ஊத்தலாம்ங்க. அழுக்கா இருந்தா கொஞ்சம் கேக்கும். டேங்க்குள்ள இருக்கிற பம்ப் வீக்கா இருந்தா எவ்ளோ ஊத்துனாலும் கேக்காது."

"எதுன்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?"

"டேங்க்க எறக்கிப் பாத்தாதான் தெரியும். வண்டிய உட்டுட்டுப் போங்க, ரெண்டு மூணு நாள்ல பாத்துடலாம்."

மறுநாள் டயாலிசிஸ். வண்டியை விட்டுவிட்டுப் போக முடியாது என்றேன். அவரும் வற்புறுத்தவில்லை.

அன்று சாயங்காலம் நானும் அக்காவும் செல்போனில் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினோம். ஒருவர் கறுத்துப்போன இன்ஜெக்டர் வெள்ளையாவதைக் காட்டினார். இன்னொருவர் எல்லாம் வெறும் மண்ணெண்ணெய்தான், ஏமாறாதீர்கள் என்றார். மூன்றாமவர், குற்றம் முழுக்க எத்தனால் கலந்த பெட்ரோலில் இருக்கிறது என்று அரசாங்கத்தைத் திட்டினார். யார் சொல்வதிலும் பொய் இருப்பதாகத் தெரியவில்லை.

"எதுவும் பண்ணாம இருக்கிறதுக்கு ஊத்திடேன்டா" என்றாள் அக்கா.

ஊற்றினேன். அந்த வாரம் வண்டி ஒழுங்காக ஓடியது. கழுவெளிப் பாலத்தைத் தாண்டும்போது அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். "பாத்தியா, எப்படிப் போவுதுன்னு. எனக்கும் இந்த மாதிரி ஒரு பாட்டில் இருந்தா ஊத்தி உட்டுடு" என்றாள். அவள் சிரித்ததால் நானும் சிரித்துவைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை வண்டி நின்றுபோனது. முந்தின நாள் உறவுக்காரர் வீட்டு வளைகாப்பில் அக்கா தாகம் தாங்காமல் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் குடித்திருந்தாள். காலையிலேயே பாதம் வீங்கி, மூச்சு இழுத்து இழுத்து வந்தது. கீழ்புத்துப்பட்டை நெருங்கும்போது ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தியும் வேகம் குறைந்துகொண்டே போனது. ஓரம் கட்டினேன். சாவியைத் திருகினால் எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். எதைப் பார்ப்பதென்று தெரியாமல்தான் பார்த்தேன்.

சென்னைக் கார்கள் காற்றைக் கிழித்துக்கொண்டு போயின. நான் கையை ஆட்டியபடி நின்றேன். ஒன்றும் நிற்கவில்லை. அக்கா கதவைத் திறந்து கால்களை வெளியே தொங்கப்போட்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணட்டுமாக்கா?"

"பஸ் வருது பாரு, அத நிறுத்து."

நடுரோட்டில் இறங்கி நின்றுதான் நிறுத்தினேன். படி உயரம். நான் பின்னாலிருந்து தாங்க, கண்டக்டர் அவள் இடது கையைப் பிடித்து இழுக்கப் போனார்.

"அந்தக் கை வேணாங்க, டயாலிசிஸ் ஊசி போடுற கை" என்று கத்தினேன்.

அவர் சட்டென்று கையை விட்டுவிட்டு அவள் தோளைப் பிடித்தார். காலேஜ் பெண் ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள். கார் பானெட் திறந்தபடியே ரோட்டோரம் நின்றது ஜன்னலில் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் அவளுடைய மெஷினில் வேறொருவரைப் போட்டிருந்தார்கள். "இவ்ளோ லேட்டா வந்தா நாங்க என்னங்க பண்றது" என்ற நர்ஸின் குரலில் கோபம்கூட இல்லை. அக்காவைப் பார்த்ததும் ஆக்ஸிஜன் வைத்தார். படுத்தால் மூச்சு முட்டியதால் நாற்காலியில் உட்கார்ந்தே காத்திருந்தாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அதில் அவளுக்கு எந்த உபயோகமும் இல்லை என்று தெரிந்தும் கையை எடுக்க முடியவில்லை. மத்தியானத்துக்கு மேல் ஒரு மெஷின் காலியானது.

காரை உப்பு ஏற்றும் வேன் ஒன்றில் கயிறு கட்டி மரக்காணத்துக்கு இழுத்துவந்தோம். மெக்கானிக் டேங்க்கை இறக்கி, அடியில் துணியை விட்டுத் துடைத்துக் காட்டினார். செம்மண் சேறுபோலத் துரு. ஃபில்டர் அடைத்திருந்தது. பம்ப்பும் தேய்ந்திருந்தது.

"மருந்து ஊத்தினதால அடியில இருந்ததெல்லாம் கெளம்பி வந்து அடச்சிக்கிச்சா?" என்று கேட்டேன்.

"இருக்கலாம்ங்க. ஊத்தாட்டியும் பம்ப் போயிருக்கும். எனக்கே சரியா சொல்லத் தெரியல."

"நடுவுல நல்லா ஓடுச்சே?"

"நெஜமாவே நல்லா ஓடுச்சா?"

நன்றாக ஓட வேண்டும் என்று நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது மட்டும் ஞாபகம் இருந்தது.

டேங்க்கைக் கழுவிப் புதுப் பம்ப் போட்ட பிறகு வண்டி ஒருமுறைகூட மக்கர் செய்யவில்லை. அக்காவுக்குத்தான் கோடையில் டயாலிசிஸ் ஊசி போடுகிற கை ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கழுத்தில் ட்யூப் போட்டிருக்கிறார்கள். வேறு வழி இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டேன். "பாப்போம்" என்றார்.

இப்போது அவள் பின்சீட்டில் சாய்ந்து படுத்தபடிதான் வருகிறாள். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் முனகுவாள். போன வாரம் பாதி வழியில் கண்ணைத் திறந்து கேட்டாள்.

"வண்டி நல்லாத்தான இருக்குது?"

"நல்லா இருக்குதுக்கா."

"அப்புறம் ஏன்டா இவ்ளோ மெதுவாப் போற?"

அடுத்த ஸ்பீடு பிரேக்கர் வந்துகொண்டிருந்தது. அதே வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.