மஞ்சள் தடவிய மனு

ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் எங்களுடையது. கோவில்பத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருப்பவரைத் தெருவில் எல்லோரும் சொல்தா என்பார்கள், பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். அந்த நாட்டு நாடாளுமன்றத் தேர்தலில் இங்கிருந்தபடியே ஓட்டுப் போடுவார். போட்டுவிட்டு வந்த நாளில் தெருவுக்கே அரசியல் பாடம் நடக்கும். அந்த ஓட்டு என்றாவது எனக்குத் தேவைப்படும் என்று நான் நினைத்ததில்லை.

என் மகள் வெளிநாட்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது அங்கே போர் மூண்டது. கல்லூரியின் நிலவறையில் பதினொரு நாள் பிஸ்கட்டைத் தின்று கிடந்து, பிறகு எல்லை தாண்டி வீடு வந்து சேர்ந்தாள். அந்த நாட்களில் கைப்பேசியைக் கையில் பிடித்தபடியே இருந்தவள் நான். இன்றும் குளிக்கப் போனால் குளியலறை வாசலில் யாராவது அதை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அவளோ வந்த பிறகு சிரிக்கவே இல்லை. கீழவாஞ்சூருக்குப் போகும் லாரி ஒன்று மெயின் ரோட்டில் டயர் வெடித்தபோது, சோற்றுத் தட்டோடு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இதற்கிடையே, கடைசி வருடத் தேர்வை நேரில் வந்துதான் எழுத வேண்டும் என்று கல்லூரியில் இருந்து தகவல் வந்தது. போவேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் கிளம்புவதற்குள் போர் நின்றுவிட வேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுதலாக இருந்தது.

"கூடப் படிச்ச மத்த நாட்டுக்காரங்கள்லாம் அவங்கவங்க நாட்டு எம்.பி.க்கு எழுதுறாங்கம்மா, இந்தச் சண்டைக்கு இனிமே பணம் ஒதுக்காதீங்கன்னு. நமக்குத்தான் அப்படி ஆளு இல்ல" என்றாள் ஒருநாள்.

அந்தப் போருக்குப் பணம் தரும் நாடுகளில் பிரான்சும் ஒன்று. நான் இரண்டு வீடு தள்ளிக் கையைக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். சொல்தா முதலில் முரண்டு பிடித்தார். "அந்தப் பக்கம் குண்டு போடுறானே, அவனுக்கு யாரு எழுதுறது?"

"அவனுக்கு எழுத உங்ககிட்ட ஓட்டு இல்லையே அண்ணே. இருக்குற ஓட்டை வச்சு எழுதுங்க."

"நல்லாக் கேளு" என்றார் அடுப்படியில் இருந்து அவர் மனைவி. அண்ணன் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டார்.

நான் தமிழில் சொல்ல, அவர் பிரெஞ்சில் எழுதினார். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தேன்.

"அவரு என்ன உன் நாத்தனாரா? விஷயத்துக்கு வா."

நிலவறையைச் சொன்னேன். பிஸ்கட்டைச் சொன்னேன். பக்கத்தில் படுத்திருந்த உள்ளூர்ப் பெண் தன் தம்பியின் சட்டையை மடியில் வைத்திருந்தாளாம், அதையும் சொன்னேன். "அழுகைக்கு ஒரு பாராதான்" என்றவர் மூன்று பாரா எழுதினார். முடிவில், இந்தப் போருக்கு இனிப் பணம் ஒதுக்க வாக்களிக்காதீர்கள், இரு தரப்பையும் பேச உட்கார வைக்க வாக்களியுங்கள் என்று முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் தபால் ஆபீசில் சேர்ப்பதாக ஏற்பாடு. உறையைச் சாமி படத்துக்கு முன் வைத்துக் கும்பிட்டேன். நல்ல காரியத்துக்குப் போகும் எந்தத் தாளையும் வெறுமனே அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. மஞ்சளைக் குழைத்து உறையின் நாலு மூலையிலும் தடவினேன். அது காய்வதற்குப் பொறுமையில்லாமல் மேலே கொஞ்சம் பொடியையும் தூவிவிட்டேன்.

முகவரியைச் சரிபார்க்கட்டும் என்று சொல்தா வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தி, பின்னால் உட்கார்ந்திருந்த மகளிடம் உறையைக் கொடுத்தேன். அவள் நீட்டியதைப் பார்த்து அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"என்னம்மா இது?"

"மஞ்சள்தாண்ணே."

"பார்லிமெண்டுக்குப் பொடி தூவி கவர் அனுப்புறியா? பிரிச்சவன் விஷப் பொடின்னு அலறுவான். கட்டடத்தையே காலி பண்ணுவாங்க. என் பேரு, என் விலாசம், என் கையெழுத்து. சண்டை நிக்கிதோ இல்லையோ, என் பென்ஷன் நின்னுடும்."

பின்னால் ஏதோ சத்தம். திரும்பினேன். மகள் வண்டியை விட்டு இறங்கி, கேட்டைப் பிடித்துக்கொண்டு, நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். "கல்யாணப் பத்திரிகைன்னு நெனச்சு அந்த எம்.பி. கெளம்பி வந்துடப் போறாரு, மாமா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள். சொல்தாவின் மனைவி வெளியே வந்து, விவரம் தெரியாமலே தானும் சிரித்தார். நான் ஆபீசுக்கு அரை நாள் லீவு சொன்னேன்.

உள்ளே இருக்கும் தாளிலும் பொடி பட்டிருக்கும் என்று முனகிக்கொண்டே சொல்தா புதுத் தாள் எடுத்தார். இம்முறை என்னைக் கேட்காமல் கடைசியில் ஒரு பாரா கூடுதலாக எழுதினார். என்ன என்றதற்கு, பேனாவை மூடியபடி சொன்னார்: "உங்க சீருடையைப் போட்டுத் துப்பாக்கி தூக்குனவன் நான். நீங்க கை தூக்கி ஒதுக்குற பணம் கடைசியில என்னவா மாறும்னு பக்கத்துல இருந்து பாத்திருக்கேன்னு எழுதியிருக்கேன்." இதை அவர் எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. அவர் மனைவியும் அப்போதுதான் கேட்பதுபோல் நின்றார்.

விஷயம் பரவி, பிரெஞ்சு ஓட்டு உள்ள மற்ற வீட்டுக்காரர்களும் தங்கள் பெயரில் ஒன்று எழுதித் தரச் சொல்லி வரத் தொடங்கினார்கள். கை வலிக்கிறது என்று சலித்துக்கொண்டே அவர் எழுதுகிறார். பதில் இன்னும் ஒன்றும் வரவில்லை. போர் நடக்கிறது. மகள் டிக்கெட் எடுக்கவில்லை. எடுக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாலு மூலை மஞ்சளோடு அந்த முதல் உறை அவள் பாஸ்போர்ட்டுக்குள் இருக்கிறது.

உறை ஒட்டுவது என் வேலை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவள் எதிரே வந்து நின்று, "கையக் காட்டும்மா" என்கிறாள். பத்து விரலையும் விரித்துக் காட்டிய பிறகுதான் பசை டப்பாவைத் தருகிறாள்.