இளஞ்சிவப்பு கேட் பாஸ்

என் அகராதிக்குள் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கேட் பாஸ் கிடக்கிறது. பெயர், பிரிவு, காரணம், வெளியேறும் நேரம் என நான்கு கோடுகள், நான்கும் காலி. கும்மிடிப்பூண்டியில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஆலையில், வேலை நேரத்தில் இந்தச் சீட்டில் அதிகாரியின் கையெழுத்து இல்லாமல் யாரும் வாசலைத் தாண்ட முடியாது.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வந்து போக ஆரம்பித்ததும் தொழிலாளர்களுக்கு ஆங்கிலம் வேண்டும் என்று நிர்வாகத்துக்கு ஆசை வந்துவிட்டது. என்னை அனுப்பிய பயிற்சி நிறுவனம், இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு ஈடாக என் பட்டச் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைத்திருந்தது. தினமும் மின்சார ரயில் மீஞ்சூரைத் தாண்டும்போதே எழுந்து கதவருகே போய் நின்றுவிடுவேன். இறங்கி ஓடிவிடலாம் போல இருக்கும். சான்றிதழ் ஞாபகம் வந்ததும் மறுபடி உட்கார்ந்துகொள்வேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேன்டீனில் அரை மணி நேர வகுப்பு. பணிவாகக் கேட்பது எப்படி என்பதுதான் பாடம். பேக்கிங் பிரிவு அக்கா முதல் பெஞ்சில் உட்காருவாள். பெரியபாளையம் பக்கத்துக்காரி. கணவர் லாரியோடு ஆந்திராவில் சுற்றிக்கொண்டிருக்க, இரண்டு பிள்ளைகளை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் சான்றிதழ்ப் புலம்பலைக் கேட்ட ஒரே ஆளும் அவள்தான். "ப்ளீஸ்" என்று தலையைச் சாய்த்து அவள் சொன்னால் வகுப்பே சிரிக்கும்.

"இன்னா மிஸ், கேக்கறதுக்கே இம்மாம் கும்புடு போடணுமா?" என்பாள். அதுதான் நாகரிகம் அக்கா என்பேன். மறுத்துவிட்டாலும் முகம் சுளிக்காமல் "தேங்க் யூ" சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தேன். அந்த வயதில் எனக்கு இருந்த மேதாவித்தனத்தை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

அதோடு நின்றேனா? பேசிப் பழக வாய்ப்பில்லை, கேட் பாஸையாவது ஆங்கிலத்தில் கேட்கச் சொல்லுங்கள் சார் என்று அதிகாரியிடம் யோசனை சொன்னவளும் நான்தான். மறுநாளே அது சட்டமாகிச் சுவரில் ஒட்டப்பட்டது. அதிகாரிக்குத் தமிழ் நன்றாகவே தெரியும் என்பதை யாரும் பேசவில்லை.

ஒரு நாள் இரண்டு மணி இருக்கும். அக்காவின் மகள் வகுப்பிலேயே பெரியவளாகிவிட்டாள், வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. நடைவழியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாவி எங்கிட்ட கீது மிஸ். ஊடு பூட்டிக்கினு கீது. கொழந்த எங்க போய் ஒக்காரும்?" காவலாளியிடம் வாங்கிய வெற்றுச் சீட்டு அவள் இன்னொரு கையில் இருந்தது.

நானும் கூடவே போனேன். அதிகாரியின் அறையில் ஆண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். "மே ஐ கோ ஹோம் எர்லி ப்ளீஸ், சார்?" ஒரு பிசிறில்லாமல் கேட்டாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவர் சிரித்தபடி ஆங்கிலத்திலேயே காரணம் கேட்டார். அத்தனை ஆண்கள் நடுவில் அதை எந்த மொழியில் சொல்வாள்? என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்திருக்கலாம். மாதா மாதம் என் வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுகிறவர் அவர். நான் தரையைப் பார்த்தேன்.

"பர்சனல் ஒர்க் சார்," என்றாள்.

"ஆஃப்டர் ஃபைவ், ப்ளீஸ்," என்றார் அவரும், ரொம்பப் பணிவாக.

வெற்றுச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, நான் சொல்லிக்கொடுத்தபடியே, "தேங்க் யூ சார்" என்றாள்.

ஐந்து மணி வரை அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. மறுநாளும் வேலைக்கு வந்தாள், லீவு கேட்கவில்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் போனதும் மெதுவாகச் சொன்னாள். "யாரும் பாத்துரக் கூடாதுன்னு வெறகு அடுக்குக்குப் பின்னாடி ஒக்காந்துகினு இருந்திச்சி மிஸ். நான் போறப்ப மணி ஆறர. ஏம்மா வரலன்னு ஒரு வார்த்த கேக்கல."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளோ இடுப்பிலிருந்து அந்த வெற்றுச் சீட்டை எடுத்து நீட்டினாள். "கேக்காம போறதுக்கு இன்னா சொல்லணும்? அத்த எழுதிக் குடு."

பின்பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதினேன்: ஐ ஆம் கோயிங் ஹோம்.

இரண்டு முறை படித்துப் பார்த்தாள். "இதுல ப்ளீஸ் இல்லியா?"

"இல்லக்கா."

சீட்டை மடித்து என் அகராதிக்குள்ளேயே வைத்துவிட்டாள். "எனக்கு வாணாம் மிஸ். இத்த சொன்னா எனக்கு வேல பூடும், ரெண்டு புள்ளைங்க கீது. நீயே வெச்சிக்கோ. உன் சர்டிபிகேட்ட புட்சி வெச்சிக்கினு கீறாங்களே, உனக்கு ஒதவும்."

இப்போதும் ஆங்கிலம்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பணிவாகக் கேட்கும் பாடம் வரும்போதெல்லாம் அகராதியைத் திறந்து அந்தச் சீட்டைப் பார்க்கிறேன். முன்பக்கம் நான்கு கோடுகள், பின்பக்கம் என் கையெழுத்தில் ஒரு வரி. அந்த வரியை நானும் சொல்லவில்லை. இரண்டு வருடத்தையும் ஒரு நாள் குறையாமல் முடித்தேன். கடைசி நாளில் பயிற்சி நிறுவனத்தில் என் சான்றிதழை என்னிடமே நீட்டியபோது, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "தேங்க் யூ சார்" என்றேன்.