எலிசபெத்தம்மாவை எடுத்துப் போன வழி

போன வாரம் விழுப்புரத்தில் எலும்பு டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். என் வலது முட்டியை இப்படியும் அப்படியும் மடக்கிப் பார்த்தார். உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. "இனிமே முட்டி போடுற வேலையே வச்சுக்காதீங்க. கோயிலுக்குப் போனாலும் சேர்லயே உக்காந்துக்குங்க" என்றார். நல்ல மனிதர்தான். கத்தோலிக்க வீட்டில் பிறந்தவளைப் பார்த்து, இத்தனை வயதுக்கு மேல் முட்டி போடாதே என்றால் எப்படி? நாங்கள் நடக்கப் பழகுவதற்கு முன்னாலேயே முட்டி போடப் பழகியவர்கள். போதாக்குறைக்கு நான் டீச்சர் வேறு. வகுப்பில் எத்தனை பிள்ளைகளைப் போடச் சொல்லியிருப்பேன்!

வீட்டுக்கு வந்து தைலத்தை எடுத்துத் தேய்த்தேன். அந்த வாசனைக்கு என்னை வேறொரு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிற பழக்கம் உண்டு. கூட்டேரிப்பட்டில் இறங்கி மினி பஸ் பிடித்துப் போகிற ஊர். பேரைச் சொல்ல மாட்டேன். இத்தனை வருடம் கழித்தும் யாருக்காவது வம்பு வந்துவிடுமோ என்று பயம். என் சுபாவம் அப்படி. கதவைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த ஊர்ப் பங்குப் பள்ளிக்கூடத்தில்தான் என்னைப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் கோயிலின் இடது பக்கம் காலனிப் பெண்கள் உட்கார்வார்கள். வாரம் முழுக்கக் களை வெட்டி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கி ஓய்ந்த முட்டிகள். அத்தனை முட்டியிலும் தைலம். சாம்பிராணிப் புகையைத் தாண்டிக்கொண்டு அந்த வாசனைதான் பீடம் வரைக்கும் போகும். நானும் அங்கேதான் உட்கார்வேன். நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். என்ன, விழுப்புரம் டவுனில் பிறந்துவிட்டதால் இடது, வலது என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்த ஊருக்கு வந்துதான் கற்றுக்கொண்டேன்.

எலிசபெத்தம்மாவின் வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே இருந்தது. மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் வந்து நிற்பார். முந்தானையில் வேகவைத்த மல்லாட்டை சூடாக இருக்கும். "துன்னு டீச்சரு, காத்துல பறந்துறப் போற" என்பார். வாய் நிறையச் சிரிப்பு. ஆனால் அவருக்குள்ளும் ஒரு பயம் இருந்தது. என் பயம் மாதிரி ஊர்ப்பட்ட பயம் இல்லை. ஒரே ஒரு பயம்.

அந்த ஊரில் காலனிச் சாவு ஊர்த் தெரு வழியாகப் போகக் கூடாது. ஏரி வாய்க்காலில் இறங்கித்தான் கல்லறைக்குப் போக வேண்டும். கோடையில் சரி. ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர் ஓடும். எலிசபெத்தம்மாவின் வீட்டுக்காரர் சவரிமுத்து மேளக்காரர். அவரை எடுத்துக்கொண்டு போனது ஒரு மழைக்காலத்தில். தூக்கியவர்களில் ஒருவருக்குச் சேற்றில் கால் வழுக்க, பெட்டி சரிந்து, உடம்பு தண்ணீரில் விழுந்துவிட்டது. எலிசபெத்தம்மா கரையில் நின்று அதைப் பார்த்தார். அதிலிருந்து யாரைப் பார்த்தாலும் இதையேதான் சொல்வார்: "என்னெ தண்ணிலே போட்டுறாதீங்கடி."

கேட்டால் சிரிப்பீர்கள், அந்த ஊர்த் தெருக்காரர்களும் எங்கள் வேதம்தான். ஒரே கோயில், ஒரே சாமியார், நாக்கில் வாங்குகிற நன்மை அப்பமும் ஒன்றுதான். அந்தோணியார் தேர் மட்டும் காலனிப் பக்கம் திரும்பாது. கேட்டால், சந்து குறுகல் என்பார்கள். தேரை விட அகலமான டிராக்டர் தினமும் அதே சந்தில் வந்து ஆட்களைக் கூலிக்கு ஏற்றிக்கொண்டு போகும்.

ஒரு கார்த்திகை மாசம் எலிசபெத்தம்மா போய்ச் சேர்ந்தார். வெளியே மழை விட்டிருந்தது, வாய்க்கால் நிரம்பி ஓடியது. மகள் ஜெயராணி அக்கா காலனி மாதர் சங்கத்துக்குத் தலைவி. அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னார்: "அம்மாவெ தெரு வழியா எடுத்துக்கினு போறோம்."

சுற்றி நின்ற ஆண்கள் கோடாலி, தடி என்று பேச ஆரம்பித்தார்கள். அக்காவின் தம்பி ஆரோக்கியராஜ் பாண்டிச்சேரி மில்லில் வேலை செய்துவிட்டு வந்தவன், கோபக்காரன். "நாலு பேர் மண்டெய ஒடச்சாத்தான் வழி வரும்" என்று குதித்தான். அக்கா அவன் பக்கம் திரும்பினார்.

"ஒடச்சா? அப்பால போலீசு நம்ம காலனிக்குத்தான் வருவான். டேய், அவரெயும் ஊருக்கு வெளியிலதான்டா அறைஞ்சாங்க. அவரு ஒரு கல்ல எடுத்தாரா? அடிச்சா வாங்கிக்கலாம். திரும்பிப் போறது மட்டும் கெடையாது."

சுவரில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தை, சிலுவையில் தொங்குகிற இயேசுவைக் காட்டித்தான் சொன்னார். அன்றுவரை எனக்கு அந்தச் சுரூபம் அழுவதற்கு மட்டும்தான் உதவியிருக்கிறது. அதைக் காட்டி ஒருவர் திட்டம் போட்டு நான் பார்த்ததில்லை.

திட்டம் என்றால் சாதாரணத் திட்டம் இல்லை. காலனியில் யார் யாருக்குச் சண்டைக்குக் கை நீளுமோ, அவர்களையெல்லாம் கூப்பிட்டுப் பெட்டி தூக்கச் சொல்லிவிட்டார். ஆரோக்கியராஜுக்கு முன்பக்கம். "ரெண்டு கையும் அம்மாவெப் புடிச்சிக்கினு இருந்தா, கல்ல எதால எடுப்பான்?" என்று என் காதில் சொன்னார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பெண்கள் முன்னால், பெட்டி நடுவில், மற்ற ஆண்கள் பின்னால். யாரும் வாய் பேசக் கூடாது, செபம் மட்டும்தான். மறித்தால் அந்த இடத்திலேயே முட்டி போட வேண்டும்.

செபம் சொல்ல வேண்டிய உபதேசியாருக்குச் சரியாக அன்றைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பங்குச் சாமியார் பெரிய அதிகாரிகளிடம் பேசுகிறேன் என்று விழுப்புரம் கிளம்பிவிட்டார். சத்தமாகப் படிக்கத் தெரிந்தது யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கூட்டத்தின் கடைசியில், மினி பஸ் போகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதை வாயைத் திறந்து சொன்னேனோ, மனசுக்குள்ளேயே சொன்னேனோ, ஞாபகம் இல்லை. யாரோ என் கையில் செபப் புத்தகத்தைத் திணித்து முன்னால் தள்ளிவிட்டார்கள்.

ஊர்த் தெரு முனையில் வேலிகாத்தான் முள்ளை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். அதற்கு அப்பால் கோயில் நாட்டாண்மை. அவருக்குப் பின்னால் தெரு மொத்தமும். வேப்பமரத்தடியில் இரண்டு போலீஸ்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வழக்கத்த மாத்தாதீங்க. வாய்க்கால் பக்கம் போங்க" என்றார் நாட்டாண்மை.

ஜெயராணி அக்கா ஈரத் தரையில் முட்டி போட்டார். அவரைப் பார்த்துப் பெண்கள் எல்லோரும் போட்டார்கள். பெட்டி தூக்கியவர்கள் தோளில் பாரத்தோடு ஒரு காலை மடித்து மெல்ல இறங்கினார்கள். பெட்டி ஆடியது. எனக்கு உயிரே போய்விட்டது. நானும் ஜல்லியில் முட்டியைப் பதித்தேன். குத்தியதுகூடத் தெரியவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வாலிபன் முள்ளைத் தாண்டி வந்து, பெட்டி மேல் இருந்த மாலையை இழுத்துச் சேற்றில் எறிந்தான். ஆரோக்கியராஜின் கழுத்து நரம்பு புடைத்தது. அவன் கையை மட்டும்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை பெட்டியை விட்டால் எல்லாம் முடிந்தது. அது விடவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் கொட்டியது.

"டீச்சர், செபம்" என்றார் அக்கா.

நான் சொல்ல வேண்டியது செபமாலை. அவசரத்தில் திறந்த பக்கத்தில் இருந்தது புனிதர் மன்றாட்டுமாலை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அதில் ஒருவர் புனிதர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்வார், மற்றவர்கள் ஒவ்வொன்றுக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பார்கள். பக்கத்தைத் திருப்பவும் தைரியம் இல்லாமல், இருப்பதையே படிக்க ஆரம்பித்தேன்.

"புனித சூசையப்பரே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"புனித ராயப்பரே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

மூன்றாவது, நான்காவது பெயரில் சத்தம் கூடியது. எங்கள் கூட்டம்தான் உரக்கச் சொல்கிறது என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால், முள்ளுக்கு அந்தப் பக்கம் பெண்கள் வாய் அசைகிறது! பால் குடிக்கிற வயதிலிருந்து ஊறிய பழக்கம், புனிதர் பேரைக் கேட்டால் பதில் சொல்லாமல் அந்த நாக்கு எப்படிச் சும்மா இருக்கும்? சிலர் வாசலிலேயே முட்டி போட்டுவிட்டார்கள். அந்தோணியார் பேருக்கு நாட்டாண்மையே முணுமுணுத்தார். நான் சத்தியமாகப் பார்த்தேன்.

ஆனால் புத்தகத்தில் புனிதர்கள் தீர்ந்துகொண்டே வந்தார்கள். நிறுத்தினால் என்ன ஆகும்? திரும்பவும் முள், திரும்பவும் அந்த வாலிபன், திரும்பவும் ஆரோக்கியராஜின் கை. கடைசிப் பெயரும் முடிந்தது. நிறுத்தப் பயந்து, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எங்கள் சவரிமுத்துவே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது இரண்டு பக்கமும்.

பாம்பு கடித்துச் செத்த அருளப்பன் பேரைச் சொன்னேன். பிரசவத்தில் போன தெரேசாவைச் சொன்னேன். மல்லாட்டை தின்றுகொண்டே எலிசபெத்தம்மாவிடம் கேட்டு வைத்திருந்த காலனியின் செத்தவர்கள் எல்லோரும் வரிசையாக வந்தார்கள். தெரு அவர்களிடமும் வேண்டிக்கொண்டது.

"எங்கள் எலிசபெத்தம்மாவே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

அப்போதுதான் நாட்டாண்மைக்கு உறைத்தது. "ஏய், யாரு பேரெச் சொல்ற நீ?" என்று கத்தினார். தெரு கப்பென்று அடங்கியது. நான் அடி விழப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு பெண் குரல் கேட்டது. நாட்டாண்மையின் சம்சாரம். "முள்ள எடுங்க. அந்தம்மாவ நமக்காக வேண்டிக்கச் சொல்லிப்புட்டு வழிய மறிச்சா நல்லாவா இருக்கும்?"

அவர் எடுக்கவில்லை. அந்த அம்மாளை ஒரு முறை முறைத்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த அம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் முள்ளை ஓரமாக இழுத்தார்கள். டீ குடித்து முடித்த போலீஸ்காரர்கள், தாங்களே வழி ஏற்படுத்திக் கொடுத்தது போல ஓடி வந்து கையை ஆட்டினார்கள். பெட்டி எழுந்தது. எலிசபெத்தம்மா ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் தெருவில் போனார்.

நான் செய்த காரியத்துக்குப் பலன் உடனே கிடைத்தது. திருச்சபை அங்கீகரிக்காத ஆட்களைப் புனிதர்களோடு சேர்த்துவிட்டேன் என்று மேலிடத்துக்குப் புகார் போனது. அதில் தப்பும் இல்லை. அந்த வருடமே என்னை விழுப்புரத்துக்கு மாற்றினார்கள். சொந்த ஊருக்கே அனுப்பித் தண்டித்தது என்னை மட்டும்தான் என்று நினைக்கிறேன். அந்த அம்மாளுக்கு வீட்டுக்குள் என்ன கிடைத்ததோ, அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றும் தூக்கம் வருவதில்லை.

போன கார்த்திகையில் ஜெயராணி அக்கா இறந்த செய்தி வந்து போனேன். இப்போது யாரும் தோளில் தூக்குவதில்லை. கண்ணாடி வைத்த வண்டி வருகிறது, அதில் ஸ்பீக்கரில் பாட்டு ஓடுகிறது. தெரு சிமெண்டு ரோடாகிவிட்டது. முனை வந்ததும் நான் தானாக நின்றேன். வண்டி வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. வாசலில் நின்றவர்கள் போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். எலிசபெத்தம்மாவின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த வழி எப்போதும் இருந்த வழி. நல்லதுதான், அதற்காகத்தானே அக்கா முட்டி போட்டார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாகும். அந்த வழி போய்ச் சேருகிற கல்லறையில் அன்றைக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது, அவர்கள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். இன்றைக்கும் இருக்கிறது. புதிதாகப் பூசி வெள்ளையடித்திருக்கிறார்கள்.

மண் போட்டதும் சனம் கலைந்துவிட்டது. எல்லோருக்கும் வேலை, திண்டிவனம் பஸ், போன். ஆரோக்கியராஜ் மட்டும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"அக்கா இருந்தா இதுக்கு இன்னா சொல்லும் டீச்சர்?"

அக்கா என்ன சொல்வார் என்று இரண்டு பேருக்குமே தெரியும். சொன்னால் செய்ய வேண்டும், செய்ய ஆள் வேண்டும். எனக்கு அன்றைக்கு வந்த அதே பயம் வந்தது. வேறு வழி தெரியாமல் அதே வேலையைத்தான் செய்தேன்.

"எங்கள் ஜெயராணி அக்காவே" என்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் காது கொடுத்துக் கேட்டேன். இந்தப் பக்கத்திலிருந்து, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று ஆரோக்கியராஜின் குரல் ஒன்றுதான் வந்தது.