ஆறு பூவும் ஒரு மாத்திரையின் பெயரும்

எங்கள் ஊர் பெருமாட்டி. ஒரு மாத்திரையால் என் வீட்டுக்காரருக்கு முன்பு முகம் வீங்கி மூச்சு முட்டியது. அதன் பெயரை மறக்கவே கூடாது என்றார் டாக்டர். சல்ஃபாமெதாக்சசோல். ஏழாவது வரை படித்த என் வாயில் அது நுழையவில்லை. மகள்தான் சல், ஃபா, மெ, தாக், ச, சோல் என்று பிரித்துக் கொடுத்தாள். ஆறு துண்டு, சரவணபவ போலவே! தினமும் முருகனுக்குத் துண்டுக்கு ஒரு பூவாகப் போட்டுச் சொல்லிப் பழகினேன்.

சென்ற மாதம் அவருக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு மாத்திரை கொடுத்தார். பெயர் கேட்டேன். ஒரே மூச்சில் சொன்னார். நான் சொல்லும் பெயர் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"ஏனுங்க, முழுங்கீறாதீங்க! சிஸ்டர், கொஞ்சம் பிச்சுப் பிச்சுச் சொல்லுங்க."

"இவளுக்கு இங்கயும் பூசைதான்" என்றார் அவர், தண்ணீர் டம்ளரைத் தூக்கியபடி.

"அம்மே, இது என்ன பள்ளிக்கூடமா?" நர்ஸ் சிரித்துக்கொண்டே பிரித்தார். "சல்... ஃபா... மெ..."

பூப்போடுவதுபோல் என் விரல்கள் தாமாக அசைந்தன. "முருகா!" என்று மாத்திரையைப் பிடுங்கினேன். விஷயம் கேட்டதும் நர்ஸ் முகம் வெளுத்து டாக்டரிடம் ஓடினார்.

ஒரே பெயர் எனக்கு எப்படி வேறாகக் கேட்டது என்று இன்றும் புரியவில்லை. இப்போதெல்லாம் டாக்டரைப் பார்த்ததும் முதலில் அந்தப் பெயரைத்தான் சொல்கிறேன். முருகனுக்கும் ஏழாவதாக ஒரு பூ போடுகிறேன். அதற்கு மட்டும் பெயரைப் பிரிக்காமல் ஒரே மூச்சில் சொல்வேன். நாக்குத் தடுக்கினால் இன்னொரு பூ.