மீன் தொட்டிக்குப் பின்னால் என்ன கலர்?

போன வாரம் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு மீன் தன்னோடு தானே சண்டை போட்டது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விரல் நீளத்தில் ஒரு நீல மீன். தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் போய் மோதும், விலகும், மறுபடி மோதும். தீனி போட்டால் ஏறிட்டும் பார்க்காது. மூக்கு நுனி வெளுத்தே போய்விட்டது.

காரணம்? குடும்ப ஒற்றுமை!

முதலிலிருந்து சொல்கிறேன். என் வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மனிதர்கள் கோயில் கமிட்டியில் சேருவார்கள். வீட்டுக்குப் பின்னால் நாலு கோஸ் நடுவார்கள். இவர் கடலையே வீட்டுக்குக் கொண்டுவரப் போவதாகச் சொன்னார். கேமரன் மலையில்! வளைந்து வளைந்து ஏறி, இரண்டு தடவை வாந்தி எடுத்தால்தான் எங்கள் கோலா தெர்லா வந்து சேரும். அங்கே கடல் தண்ணீர் மீன் தொட்டி — உயிருள்ள பவளத்தோடு.

பாக்கெட்டில் வரும் கடல் உப்பை வாங்கி வந்து வாளியில் கலக்கினார். கலக்கியதை மீட்டர் வைத்து அளந்தார். என் ரசத்தில் உப்பு ஒரு கல் கூடினால் ஊரைக் கூட்டுகிற மனிதர், வாளிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். மலைக் குளிர் மீனுக்கு ஆகாதாம்... தொட்டிக்கு ஹீட்டர் வந்தது. குளியலறை ஹீட்டர் கெட்டுப்போய் மாதக்கணக்காகிறது என்பதை இந்த இடத்தில் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எல்லாம் தயார். ஒன்றுதான் பாக்கி. பின்பக்கக் கண்ணாடிக்கு என்ன கலர்? எதுவும் இல்லாமல் விட்டால் வயரும் குழாயும் தெரியும், பார்க்கச் சகிக்காது.

அந்தக் கலரைச் சொல்கிற உரிமை என்னுடையது. சும்மா கிடைத்த உரிமை என்று நினைத்துவிடாதீர்கள்.

எஸ்டேட் வீட்டில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். சுவரில் மேலே வெள்ளை, கீழே பச்சை. வரிசையில் எல்லா வீட்டுக்கும் அதுதான். ஸ்டோரிலிருந்து சாயம் வரும், ஆள் வருவார், அடித்துவிட்டுப் போவார். உனக்கு என்ன கலர் பிடிக்கும் என்று எந்தத் துரை வந்து கேட்டார்? நான் பிறந்த வீடும் அப்படி, வாழ்க்கைப்பட்ட வீடும் அப்படி. அதனால் சொந்த வீடு வாங்கியபோது என் ஆசையெல்லாம் சுவர் மேல்தான் இருந்தது.

சாயம் அடிப்பதற்குள் மகளின் பிரசவம் வந்தது. கிள்ளானுக்குப் போனேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால்... வீடு முழுக்க வெளிர் மஞ்சள்!

"சாயம் அடிக்கிறவன்கிட்ட மிச்சம் இருந்துச்சு லா. மலிவா முடிச்சுக் குடுத்துட்டான்" என்றார்.

அழுதேன். ஆமாம், சுவரைப் பார்த்துத்தான் அழுதேன். மறைப்பானேன்? மனிதர் பயந்துபோய் ஒரு வாக்குக் கொடுத்தார். "இனிமே இந்த வீட்டுக்கு எது வந்தாலும் கலரு உன் இஷ்டம், புவனா."

வந்தது மீன் தொட்டி. நாலடிக்கு இரண்டடி கண்ணாடி. என் ராஜ்ஜியம்!

"கறுப்பு" என்றேன்.

"கடலு நீலம்தானே? நீலமே அடிப்போம்."

"நீல மீன நீலத்துல விட்டுட்டு எங்க போய்த் தேடுவீங்க? கறுப்புலதான் மீனும் பவளமும் எடுப்பாத் தெரியும்."

போனை எடுத்தார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வாக்கெடுப்பு போட்டார். என் இஷ்டம் என்றவர், என் இஷ்டத்துக்கு எத்தனை ஓட்டு விழுகிறது என்று எண்ணிப் பார்க்கிறாராம்!

மீனைக் குழம்பில் மட்டுமே பார்த்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் கருத்து ஊறியது. ஒருவர் சூரிய உதயம் ஒட்டச் சொன்னார். இன்னொருவர் பத்துமலை முருகன் படம் ஒட்டச் சொன்னார் — கடலுக்கு அடியில் பத்துமலை! கடைசியாக ஈப்போவிலிருந்து என் நாத்தனாரின் குரல் வந்தது.

"புது வீட்டு ஹால்ல கறுப்பா? நல்லதுக்கில்ல தம்பி. வெள்ளி கலர்ல பளபளன்னு ஒட்டு. லட்சுமி வரட்டும்."

அக்கா சொன்னால் அப்பீல் ஏது?

எங்கள் ஊரில் வெள்ளிக்கா பஞ்சம்? காய்கறிப் பாத்திகள் மேல் விரிப்பார்களே, அந்தப் பிளாஸ்டிக்... ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் கறுப்பு. பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். இவர் வெள்ளிப் பக்கத்தை உள்ளே பார்க்கத் திருப்பி, கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டினார்.

"பாத்தியா, நீலமும் இல்ல, கறுப்பும் இல்ல. சண்டை தீந்துச்சு" என்று பெருமை வேறு.

நம் வீடுகளில் சமரசம் என்றால் இதுதானே? யாருக்கும் வேண்டாத ஒன்றை எல்லோருக்குமாகச் சேர்த்து ஒட்டிவிடுவது!

வெள்ளி, கண்ணாடி மாதிரி முகம் காட்டியது. நீல மீனுக்கு எதிரே இன்னொரு நீல மீன். அதே அளவு, அதே கோபம். தன் இடத்தைப் பிடிக்க எவனோ வந்துவிட்டான் என்று அது மோத ஆரம்பித்தது. மோதி மோதி, சாப்பிடாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து மூச்சு வாங்கியது.

"பழகிக்கும் லா" என்றார் இவர்.

பழகிக்கும்! மஞ்சள் சுவருக்கும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை, மீனுக்கு வேறு தீனி வாங்கக் கம்போங் ராஜாவுக்குக் கிளம்பினார். மோட்டார் சைக்கிள் சத்தம் திருப்பத்தில் மறையும்வரை காத்திருந்தேன். டேப்பைப் பிய்த்தேன். பிளாஸ்டிக்கைத் திருப்பினேன். கறுப்பை உள்ளே பார்க்க வைத்து ஒட்டினேன். ஓட்டும் இல்லை, கமிட்டியும் இல்லை.

மீன் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் மெல்ல வந்து எட்டிப் பார்த்தது. எதிரியைக் காணோம்! தொட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தது. ஒரு சிட்டிகை தீனி போட்டேன். சாப்பிட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கறுப்பில் அந்த நீலம்... அடடா, நான் சொன்னேனா இல்லையா?

வீட்டுக்காரர் வந்தார். தொட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். பிறகு போனை எடுத்தார். என் போனும் சிணுங்கியது. குரூப்பில் அவர் செய்தி: 'தீர ஆராய்ந்து கறுப்பு என்று முடிவு செய்திருக்கிறேன்.'

பார்த்தேன். தேநீரை அவர் முன்னால் வைத்தேன்... சத்தம் கேட்கிற மாதிரி.

அதற்கு அர்த்தம் புரிந்திருக்க வேண்டும். கிளாஸைக் கழுவ அவரே அடுப்படிக்கு வந்தார். இந்த வீட்டில் அதுவே ஒரு செய்திதான். சுவரைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"இங்க மஞ்சள் நல்லாவே இல்ல. மாத்திடுவோம். யாரையும் கேக்கல, நீயே சொல்லு புவனா. என்ன கலரு வேணும்?"

வாயைத் திறந்தேன். ஒரு கலரும் வரவில்லை! பச்சையா? ரோஸா? எனக்கு என்னதான் பிடிக்கும்? சுவருக்குச் சுவர் பார்த்து நிற்கிறேன், தெரியவில்லை. கறுப்பு மீனுக்குச் சரி, எனக்கு?

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

யாரும் அவசரப்படுத்தாதீர்கள்... மனிதர் இப்போதுதானே கேட்டிருக்கிறார்!